துக்கக் கல்

அண்ணனின் நினைவுத் தூணுக்கு முதலில் மஞ்சள் பூசியது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

எல்லையில் நடந்த சண்டையில் அண்ணன் செத்துப்போனான். திருச்சியிலிருந்து ராணுவ வண்டியில் உடல் வந்தது. எங்கள் வாசலில் சிப்பாய்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாக ஊன்றித் தலைகுனிந்து நின்றார்கள். எதற்கென்று அண்ணி கேட்டாள். "துக்கத்துக்கு அடையாளம்மா" என்றார் அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவர்.

எங்கள் பக்கம் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. அதனால், மறுவருடம் தா.பழூர் சாலையில், பஸ் நிற்கும் இடத்தில் ஊரார் வைத்த அந்தக் கல் ஒன்றுதான் அண்ணிக்கு அவனிடம் போய் நிற்க இருந்த இடம். தலைகீழான துப்பாக்கியையும் அதன்மேல் தலைக்கவசத்தையும் செதுக்கச் சொன்னதும் அவள்தான்.

"தோத்துப்போன மாதிரில்ல இருக்கு?" என்று பெரியப்பா முறுக்கிக்கொண்டார். அண்ணி விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கல்லைச் சும்மா நிற்க விடத் தெரியாது. கொஞ்ச நாளில் மஞ்சள், குங்குமம், சிவப்புத் துண்டு எல்லாம் ஏறின. காணாமல் போன மாடு கிடைத்ததென்று ஒருவர் சேவல் அறுத்தார். சின்ன வயதில் வீட்டில் சேவல் அறுத்தால் கொல்லைப்பக்கம் ஓடி ஒளிந்தவன் என் அண்ணன்.

நினைவு நாளன்று அண்ணி அகல்விளக்கோடு வந்தாள். பெரியப்பா குறுக்கே நின்றார்.

"நீ தள்ளி நில்லும்மா. சாமி காரியம். தங்கச்சி ஏத்தட்டும், அது தாலியோட இருக்கற பொண்ணு."

அந்தத் தங்கச்சி நான்தான். "அவன் யாருக்குப் புருஷன், பெரியப்பா?" என்று கத்தினேன். ஒருவர்கூட அண்ணி பக்கம் வந்து நிற்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்தான்.

அண்ணி அழவில்லை. எதிரே இருந்த அடிபம்பில் ஒரு குடம் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து கல்லின்மேல் ஊற்றினாள். முந்தானையால் துப்பாக்கியைத் தேய்த்தாள். குங்குமம் கரைந்து அவள் காலடியில் ஓடியது.

"இது சாமி இல்லீங்க மாமா, துக்கக் கல்லு. துக்கத்துக்கு நான் வராம வேற யாரு வருவா?"

அவளே விளக்கை ஏற்றினாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அரியலூர் பஸ்ஸுக்காக நானும் அவளும் அங்கே போய் நின்றோம். கல்லில் ஈரம் காயாத மஞ்சள். அண்ணி பையை என்னிடம் கொடுத்துவிட்டு அடிபம்பை நோக்கி நடந்தாள். பஸ் வந்து, நின்று, போய்விட்டது.