ரோஸ் பட்டின் பார்டர்

எங்கள் வீட்டில் ரோஸ் நிறம் எனக்குச் சொந்தம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றாலும் அது எல்லோருக்கும் தெரியும். அப்பா போன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணன்தான் எனக்குத் துணி எடுத்தான். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. போனஸ் வந்த மறுநாள் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போவான். கடைக்காரர் என்னென்னவோ எடுத்துப் போடுவார். அண்ணன் கடைசியில் ஒரு ரோஸ் துணியை என் தோளில் வைத்துப் பார்த்து, "எங்க பாப்பாவுக்கு ரோஸுதான் எடுப்பா கீது" என்பான். ஒன்பது வயது வரை அந்த வார்த்தையை அவன் வேறு யாரிடமாவது சொல்லக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் அண்ணனுக்கு வானகரத்தில் பெண் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்குப் போனோம். அம்மா, பெரியம்மா, அண்ணன், நான். அந்தப் பக்கம் பெண்ணும் அவள் அம்மாவும். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பில் போட்டாக வேண்டும் என்பது பெரியம்மாவின் உத்தரவு.

எனக்கும் ஒரு பதவி கொடுத்திருந்தார்கள். "நீதான்டி நாத்தனாரு. தாலில முடிச்சு நீதான் போடணும்" என்று பெரியம்மா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். நாத்தனார் என்றால் ஏதோ அதிகாரி போல என்று எண்ணிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். கடைக்குள் போன பிறகு அந்த அதிகாரியை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மெத்தை மேல் அந்த வானகரத்துப் பொண்ணை நடுவில் உட்கார வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் அவளுக்கு, விசிறி அவள் பக்கம், "இன்னா கலரும்மா வேணும்?" என்ற கேள்வியும் அவளுக்கு. அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் வைத்திருந்த பூவைக்கூடப் பிடிக்கவில்லை.

பட்டுக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டியூப் லைட் எல்லா நிறத்தையும் மாற்றிக் காட்டும் என்பதால், மனசுக்குப் பிடித்த புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்ப்பார்கள். பெரியம்மா நாலு புடவையை அப்படி எடுத்துப்போய் நாலையும் வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்தாள். அஞ்சாவதாகத்தான் அந்த ரோஸ் வந்தது. உடம்பெல்லாம் தாமரைப்பூ நிறம், பார்டர் அடர்த்தியான கத்தரிப்பூ. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே, கையை நீட்டித் தொட்டாள்.

கடைப் பெண் அதை அவள் தோளில் மடித்துப் போட்டாள். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்.

"உனக்கு ரோஸுதான் எடுப்பா கீது."

என்னுடைய நிறத்தை, என்னுடைய வார்த்தையை, என்னுடைய அண்ணனே எடுத்து முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கொடுத்துவிட்டான். அதுவும் நான் பக்கத்திலேயே நிற்கும்போது! அவன் திரும்பி என்னைப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. கல்யாணப் புடவையில் கறுப்பு ஓர் இழைகூட இருக்கக் கூடாது. நான் பார்டரைத் தொட்டேன். கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஐயே, இதுல கறுப்பு கீது!"

பெரியம்மா புடவையைப் பிடுங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "கறுப்பு இல்ல பெரீம்மா, கத்தரிப்பூ" என்றான் அண்ணன். "ஆம்பளைக்கு இன்னாடா தெரியும் கலரப் பத்தி? கொழந்த வாயில வந்துட்சி. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள் பெரியம்மா. அம்மா முகம் கலங்கிவிட்டது. அப்பா போன வீட்டில் சகுனம் என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பயம். பெண்ணின் அம்மா தன் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அம்மாதான், "நீயே வாசலாண்ட எடுத்துனு போய்ப் பார்த்துட்டு வாம்மா. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுதோ, அதான்" என்றாள்.

அவள் புடவையோடு எழுந்து போனாள். வெயிலில் பார்த்தால் என் பொய் வெளுத்துவிடும். அண்ணன் என்னை என்ன நினைப்பான்? பின்னாலேயே ஓடி வாசல்படியில் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் அப்படியே பார்டரின் மேல் விழுந்தது. கத்தரிப்பூ, சந்தேகமே இல்லாத கத்தரிப்பூ. அவள் அதை விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தேன். பஸ் போய் வெகு நேரமாகியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து புடவையைப் பத்திரமாக மடித்து மெத்தை மேல் வைத்தாள்.

"ஆமா அத்தை. பாப்பா சொன்னது சரிதான். கறுப்பாத்தான் கீது. வேணாம்."

என்னால் நம்பவே முடியவில்லை. சாமி என் பக்கம் இருக்கிறது, இவளுக்குக் கண் அவிந்துபோயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். நாலரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கிளிப்பச்சையை எடுத்தார்கள். அண்ணன் முகம் தொங்கிப்போயிருந்தது. கிளம்பும்போது அவள் அவனிடம் மெதுவாக, "பாப்பாவுக்குப் பாவாடை எடுக்கலியே. ரோஸ் எடுங்க, நல்லாருக்கும்" என்றாள். எடுத்தான். நன்றி என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. என் சொத்து எனக்கு வந்தது, அவ்வளவுதான்.

கல்யாண ஆல்பத்தில் நான் ரோஸ் பட்டுப் பாவாடையில் பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன். அண்ணி பச்சையில் இருக்கிறார். பச்சை அவருக்குப் பொருந்தவே இல்லை. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம், "எங்க அண்ணிக்குக் கலரே தெரியாது" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் இருக்கும். அண்ணி வீட்டிலேயே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஒரு மழை நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மாவின் புடவைக்கு நூல் வேண்டும் என்று பெட்டியைத் திறந்தார். உள்ளே நாற்பது ஐம்பது நூல்கண்டுகள். அந்த அரை இருட்டில், கறுப்புக்கும் கருநீலத்துக்கும் நடுவில் இருந்த ஒன்றைத் தடுமாறாமல் எடுத்தார். எனக்கு அந்த மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன.

ஊசியில் நூலைக் கோத்தார், ஒரே தடவையில்.

இருபத்திரண்டு வயதில், ஒரு கடை வாசலில், ஆசைப்பட்ட புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, தான் வாழப் போகும் வீட்டுக் குழந்தையைப் பொய்க்காரியாக்கலாமா வேண்டாமா என்று அவர் நின்றிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் புத்தி உடனே வந்துவிடுமா? வாயிலிருந்து வந்தது பழைய பொய்தான்.

"அது கறுப்புதானே, அண்ணி?"

அண்ணி தலை நிமிரவில்லை. உதடு மட்டும் லேசாகச் சிரித்தது.

"கத்தரிப்பூ பாப்பா. சந்தேகமா இருந்தா வாசலாண்ட எடுத்துனு போய்ப் பாரு."

நான் வாசலுக்குப் போகவில்லை. புடவையின் மறுமுனையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு, அவர் தைத்து முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.