வேட்டி மூடிய புடலைப் பந்தல்

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த வெளிநாட்டு ஊரில் பக்கத்து வீட்டின் முன்புல்வெளியை நாள்தோறும் பார்க்கலாம். பின்பக்கம் என்ன இருக்கிறதென்று ஆண்டுக்கணக்கில் தெரியாது. ஆளுயர மரவேலி. ஆனால் கோடையில் ஒரே ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆலன் குடியிருப்பில் சில வீட்டார் அந்த வேலிக்கதவைத் திறந்து வைக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் டிக்கெட் வாங்கித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். வசூல் முழுவதும் ஏழைகளுக்கு உணவு தரும் ஃபுட் பேங்குக்குப் போகிறது.

இந்த ஆண்டு எங்கள் கதவும் திறந்தது. தர்ம சிந்தனை மட்டும் காரணமல்ல. என் புடலைப் பந்தல் வேலிக்கு மேலே தெரிகிறது, பிரித்துவிடுங்கள் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சங்கத் தலைவரையே அழைத்து வருகிறேன், காய்த்துத் தொங்குவதை நேரில் பார்த்தால் மனம் மாறுவார் என்றார் பக்கத்து வீட்டுப் பெண்மணி கேரல். இந்தத் தோட்டம் பார்க்கும் நாளை நடத்துபவர் அவர்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே நான் வளர்த்த கொடி. சரி என்றேன். சொன்ன பிறகுதான் அம்மா நினைவுக்கு வந்தார்.

திருப்பூரில் எங்கள் மொட்டைமாடியில் பூசணி காய்த்தால் அம்மா முதல் வேலையாகப் பழைய துணியைப் போட்டு மூடுவார். மாடிக்கு வருகிறவர்கள் "அடேங்கப்பா, எத்தனை காய்!" என்றுவிட்டால் மறுநாளே பிஞ்சு உதிரும் என்பது அவர் நம்பிக்கை. நான் இன்ஜினியரிங் படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் அன்று காலை, ஊரே வந்து பார்க்கப்போகிறது என்று நினைத்ததும், கணவரின் பழைய வேட்டிகளை எடுத்துப் பந்தலைச் சுற்றிக் கட்டிவிட்டேன்.

கார்த்தி சிரித்தார். "ஏம்மா, டிக்கெட் வாங்கிட்டு வந்து என் வேட்டியையா பாப்பாங்க?"

"நீங்க சும்மா இருங்க. யார் கண்ணு எப்படியோ."

பூச்சிக்காக மூடியிருக்கிறாயா என்று கேரல் கேட்டார். விளக்கத் தெரியாமல் "யெஸ், யெஸ்" என்றேன். உடனே, தோட்டம் பார்க்க வந்திருந்த தொப்பி அணிந்த இரு பெண்மணிகள், பூச்சி தங்கள் ரோஜாச் செடிகளுக்கும் தொற்றிவிடுமோ என்று பின்வாங்கினார்கள். அடுத்து தலைவர் வந்தார். வேட்டிகளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஸோ, திஸ் இஸ் யுவர் லாண்ட்ரி?"

துணி காயப்போட்டிருப்பதாக நினைத்து அவர் திரும்பி நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. காட்டுவதற்காகக் கதவைத் திறந்துவிட்டு, காட்ட வேண்டியதை மூடி வைத்திருக்கிறேன். இப்படியே போனால் பந்தல் போய்விடும். குழந்தையைக் கார்த்தியிடம் கொடுத்துவிட்டு, "ஸார், வெயிட்!" என்று கத்தியபடி முடிச்சை உருவினேன்.

வேட்டி சரிந்தது. நுனியில் கல் கட்டிய புடலங்காய்கள் வரிசையாக ஆடின. பாம்பென்று நினைத்து "ஓ மை காட்!" என்று யாரோ அலறினார்கள். கல் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், காய் சுருளாமல் நேராக நீளுவதற்கு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியது. பின்வாங்கிய பெண்மணிகள் திரும்பி வந்து விதை கேட்டார்கள். தலைவர் ஒரு காயோடு தோளுரசி நின்று படம் எடுத்துக்கொண்டார். போகும்போது, "அந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள்" என்றார்.

மாலையில் வீடியோ காலில் அம்மா பதறினார். "அத்தன பேரும் பாத்துட்டாங்களா? மொதல்ல சுத்திப் போடு, கண்ணு!"

கழுத்தில் 'கார்டன் ஹோஸ்ட்' அட்டை தொங்க, உப்பும் மிளகாயும் கையில் பொத்திப் பந்தலை மூன்று முறை சுற்றி வந்து, பார்பிக்யூ அடுப்பு நெருப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடி குப்பென்று ஏறியது. நான் இருமினேன், கார்த்தி இருமினார், வேலிக்கு அந்தப் பக்கம் கேரலும் இருமினார்.

"ஹனி, இஸ் எவ்ரிதிங் ஓகே?"

"ஒருத்தர் கண்ணும் படலை!" என்று இருமலுக்கு நடுவே தமிழிலேயே கத்தினேன்.