ஐந்தாம் திருவிழா வண்டி

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த வாய் இல்லாவிட்டால் அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் வீட்டு மூலையிலேயே முடங்கியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில், உடுவிலுக்குப் பக்கத்தில், நடக்க முடியாத பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய பகல் நிலையம் நடந்தது. நான் அங்கே ஆசிரியை. காலையில் ஒரு பழைய வான் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வரும். எழுத்துச் சொல்லிக் கொடுப்போம், கை கால்களுக்குப் பயிற்சி கொடுப்போம், மத்தியானம் சோறு கொடுத்துத் திருப்பி அனுப்புவோம். செலவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து மாதாமாதம் உதவிப் பணம் வரும். தொண்ணூறில் சண்டை திரும்பவும் மூண்டு பாதைகள் அடைபட்ட பிறகு எல்லாம் தலைகீழானது. பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் ஆனை விலை குதிரை விலை. உதவிப் பணம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. கடைசியில் வானும் நின்றது.

எனக்கு ஒரு பிள்ளையைப் பற்றித்தான் பெரிய கவலை. எட்டு வயதுச் சிறுமி. இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் சோர்ந்து போனவை. மடங்கிக் கிடந்த முழங்கால்களை நாளும் நீட்டி நீட்டி, இரும்புப் பட்டை போட்டு, சுவரைப் பிடித்து நிற்குமளவுக்குக் கொண்டு வந்திருந்தோம். வான் நின்ற பிறகு ஒருநாள் சைக்கிளில் அவள் வீட்டுக்குப் போனேன். முழங்கால்கள் திரும்பவும் மடங்கத் தொடங்கியிருந்தன. தாய் தோட்டத்தில் கூலி வேலை செய்பவள்.

"நான் என்ன ரீச்சர் செய்ய? இவளை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வர எனக்குப் பெலன் இல்லை" என்று அழுதாள்.

இன்னும் சில மாதம் இப்படியே போனால் அந்தக் கால்கள் பிறகு நிமிராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அலுவலகத்துக்குப் போனேன். மாட்டு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடிக்கலாம், நிலைமை சீராகும் வரைக்கும் உதவிப் பணத்தைக் கொஞ்சம் கூட்டித் தாருங்கள் என்று கேட்டேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர். தேத்தண்ணீர் தந்தார்.

"இந்த வருசத்துக் காசு பங்கிட்டு முடிஞ்சுது பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம்" என்றார்.

நல்ல மனிதர்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது. வந்த வழியில் அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கொடியேற்றம் நெருங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஐந்தாம் திருவிழாக்காரருக்கும் ஆறாம் திருவிழாக்காரருக்கும் பரம்பரைப் போட்டி. இவர்கள் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் அவர்கள் மூன்று பிடிப்பார்கள். மேலே ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றினாலும் கீழே போட்டி ஓயாது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

சைக்கிளை நேரே ஐந்தாம் திருவிழாக்காரர் வீட்டுக்கு விட்டேன். அவர், சண்டைக்கு முன் ரயில் ஓடிய காலத்தில், ரயில் நிலைய அதிபராக இருந்தவர். விஷயத்தைச் சொல்லி, ஒரு கூட்டம் மேளத்துக்கான காசை வண்டிக்குத் தரும்படி கேட்டேன்.

"ஒரு கூட்டம் மேளத்தைக் குறைச்சால், ஆறாந் திருவிழாக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கமாட்டானோ?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மேளம் குறைஞ்சால் அம்மன் கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போகமாட்டா, ஐயா. அந்தப் பிள்ளையின்ரை முழங்கால் மடங்கினால் பிறகு நிமிராது. எது பெரிசெண்டு நீங்களே சொல்லுங்கோ. இந்த ஒரு வருசம்தான். பிறகு கேட்டு வரமாட்டன்."

அவர் கதிரையை விட்டு எழும்பினார். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு மெல்லக் கேட்டார்: "வண்டியிலை ஒரு பலகை போடலாமோ? ஐந்தாம் திருவிழா உபயம் எண்டு?"

பிள்ளைகளைப் பற்றிப் பாவம், பரிதாபம் என்று ஒரு சொல்லும் அதில் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தேன்.

சிவப்பு எழுத்துப் பலகையோடு வண்டி ஊரைச் சுற்றியது. ஆறாம் திருவிழாக்காரர் வீட்டு வாசற்படலையைத் தாண்டித்தான் போகவும் வரவும் வேண்டும். சிறுமி முன்னுக்கு உட்கார்ந்து வருவாள். முழங்கால்கள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன.

அடுத்த வருடமும் அலுவலகத்தில் அதே தேத்தண்ணீர், அதே பதில். வாக்குக் கொடுத்த வாயோடு திரும்பப் போய் எப்படிக் கேட்பது என்று நான் மறுகிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் ஆறாம் திருவிழாக்காரர், புகையிலைத் தோட்டக்காரர், நிலையத்துக்கு வந்து நின்றார்.

"ரீச்சர், இந்த முறை வண்டி எங்கடை" என்றார்.

செய்தி எப்படிப் பறந்ததோ தெரியாது. ஐந்தாம் திருவிழாக்காரர் சால்வை தோளில் நில்லாமல் ஓடி வந்தார். "அதெப்பிடி? ஒருதரம் செய்தால் செய்ததுதான். அது எங்கடை உரித்து!"

எங்கள் கோயிலில் அதுதான் சட்டம். ஒரு முறை அம்மனுக்குக் குடை பிடித்தவனின் பேரனும் குடை பிடிப்பான், விடச் சொன்னால் வழக்குக்குப் போவான். தற்காலிகம் என்ற சொல்லே தெரியாத ஆட்களிடம் போய் நான் தற்காலிக உதவி கேட்டிருக்கிறேன்! மனதுக்குள் அம்மனைக் கும்பிட்டேன்.

"அப்ப எங்களுக்கு என்ன இருக்கு?" புகையிலைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். உண்மையிலேயே எனக்கு இரக்கமாகப் போய்விட்டது.

"இரும்புப் பட்டை இருக்கு" என்றேன். "பிள்ளை வளந்திட்டாள். பழையது கட்டை, நீளம் காணாது. புதுசு செய்யவேணும், ஊன்றுகோலும் வேணும்."

"ஏழாந் திருவிழாக்காரருக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் அப்போதே கொல்லனிடம் புறப்பட்டார்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு காலை. வண்டி வந்தது, சிறுமி அதில் இல்லை. நிலையத்துப் படலைக்கு ஓடினேன். ஐந்தாம் திருவிழாக்காரரும் அங்கே நின்றார். வண்டி நேரத்துக்கு வருகிறதா என்று ரயிலைப் பார்ப்பது போல நாளும் வந்து பார்ப்பார்.

நிலையத்துக்கு வரும் ஒழுங்கையில் அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். கோயிலடியிலேயே வண்டியை விட்டு இறங்கியிருக்கிறாள். இரண்டு கக்கத்திலும் ஆறாம் திருவிழாக்காரர் செய்து கொடுத்த ஊன்றுகோல், பட்டை கிணுங்கக் கிணுங்க ஒவ்வோர் அடியாக. பின்னால் தாய், பிடிக்கத் தயாராகக் கைகளை நீட்டியபடி, ஆனால் தொடாமல்.

"ஏன் பிள்ளை, எங்கடை வண்டியிலை என்ன குறை?" என்றார் பெரியவர்.

அவள் நின்று மூச்சு வாங்கினாள். "ஒரு குறையும் இல்லை ஐயா. வரேக்கை ஆறாந் திருவிழா, போகேக்கை ஐஞ்சாந் திருவிழா."

அவளுக்கும் வாய் நீளம். நான் அழுதுவிட்டேன்.