பசிக்குது என்று அவள் சொன்ன காலை

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு ஷிப்ட் வேலை. மனைவி நாவலூர் ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர இருட்டிவிடும். ஆகவே கரண்டி என் கைக்கு வந்தது. என் மீன் குழம்பை நம்பியே சில சொந்தக்காரர்கள் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்குவார்கள். அப்படிப்பட்டவன் பெற்ற மகள், ஒரு துண்டு இட்லியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு காலை முழுவதும் உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குப் பிறவியிலேயே இரண்டு சிறுநீரகங்களும் சரியாக வளரவில்லை. மாத்திரை, ஊசி எல்லாம் பழகிப்போயின. சாப்பாடுதான் சண்டை. கதை சொன்னேன், கெஞ்சினேன், மிரட்டினேன். வகுப்பில் அவள்தான் குள்ளம்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் புகார் வைத்தேன். "ரொம்ப அடம் பிடிக்கிறா மேடம்."

"அடம் இல்ல சார். போதும்னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் ஒண்ணு இருக்கு. அதைக் கிட்னிதான் வெளியேத்தணும். இவ கிட்னியால முடியல. அது ரத்தத்துலயே தேங்கி நின்னு, போதும் போதும்னு சொல்லிக்கிட்டே இருக்கு. பசியைத் தூண்டுற ஹார்மோனும் சரியா வேலை செய்யறதில்ல. வெறும் வயித்துலயும் இவளுக்கு விருந்து சாப்பிட்ட மாதிரிதான்."

சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்த மகள் சட்டென்று நின்றாள். "அப்போ என்மேல தப்பு இல்லையா டாக்டர்?"

"இல்லவே இல்லம்மா."

இதை டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஹார்மோன் ஆட்சி. "நான் ரெடிப்பா, ஹார்மோன்தான் வேணாங்குது." வீட்டுப்பாடத்தையும் ஹார்மோன் வேண்டாம் என்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் நீண்டபோது, "அப்பா, போதும் ஹார்மோன் வந்துடுச்சு" என்றாள். காதோடுதான் சொன்னாள், ஆனால் முன்வரிசைத் தோள்கள் குலுங்கின.

பீர்க்கன்கரணையில் இருக்கும் என் அக்காவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும் இளநீருமாக வந்து நின்றாள்.

"புள்ளையப் பட்டினி போட்டு வச்சிருக்கியேடா!"

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அத்தை, அதுல பொட்டாசியம் நிறைய கீது. எனக்கு ஆவாது. உங்க கிட்னி நல்ல கிட்னி, நீங்களே சாப்பிடுங்க."

இந்த 'கீது' ஸ்கூல் வேனில் கற்றது. அக்கா என்னை முறைத்தபடியே இரண்டு பழம் உரித்துத் தின்றாள். இளநீரையும் அவளே குடித்தாள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்க, எடை ஏறவில்லை. வயிற்றில் சின்னதாகத் துளையிட்டுக் குழாய் வைத்து, அதன் வழியாகப் பால் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மனைவியும் நானும் பயந்துபோய் நாளைத் தள்ளினோம். கடைசியில் மகளிடமே சொன்னோம். அவள் யோசித்தாள்.

"அப்பா சமையலும் அதுல போகுமா?"

"போகாது. ஸ்பெஷல் பால் மட்டும்தான்."

"அப்போ ஓகே."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில் பந்தி. பேசாமல் சாப்பிட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். எல்லாரும் பிரியாணியில் குனிந்திருக்க, நான் மகளின் குழாயில் பால் ஊற்றினேன். அவள் உரக்கப் பாட ஆரம்பித்தாள்.

"சாப்பிடும்போது என்னடி பாட்டு?"

"என் வாய் காலியாத்தானே இருக்கு அத்தை!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அக்காவுக்கும் புரையேறியது. அதன்பிறகு அவள் வாழைப்பழம் கொண்டுவரவில்லை.

மெல்ல எடை ஏறியது. கவுன் இறுக்கமானபோது நானும் மனைவியும் அதைத் தெருவெல்லாம் சொன்னோம். ஆனால் பசி மட்டும் வரவில்லை; குழாய் வைத்தால் அது வந்துவிடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

பிறகு ஒரு காலையில் அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அப்பா, பசிக்குது."

அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். மனைவியைக் கத்திக் கூப்பிட்டேன். முறுகலாக ஒரு தோசை வார்த்து, தட்டோடு திரும்பினேன்.

"ஏப்ரல் ஃபூல்!"

என் முகம் எப்படி மாறியதோ, அவள் சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்தில் வந்து தோசையின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். கன்னத்தில் அடக்காமல் விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"உப்பே இல்ல."

"உனக்கு உப்பு ஆகாதே."

"தெரியும்ப்பா. கேட்டீங்களேன்னு சொன்னேன்."

இன்னொரு துண்டு பிய்த்துக்கொண்டு ஷூ மாட்டப் போய்விட்டாள். மீதித் தோசையை நானும் மனைவியும் நின்றபடியே தின்றோம். உண்மையிலேயே உப்பு இல்லை.