சீமையில் ஒரு மகமை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருத்தங்கலில் வாத்தியார். எந்த நாட்டில் வைத்தியச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று படித்துப் படித்துக் கிறுக்குப் பிடித்திருந்தது. அறிவுத்தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் காரணம், என் மனைவி நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியை மூடவிருந்தார்கள். சம்பளம் வராமல் டாக்டர் போய்விட்டார். பட்டாசில் அடைப்பதும் மருந்து, வெந்த கையில் தடவுவதும் மருந்து. எங்கள் ஊரில் முன்னதற்குத் தட்டுப்பாடே கிடையாது.

ஆஸ்பத்திரியை நடத்திய வியாபாரிகள் சங்கம் முடிவெடுக்கக் கூட்டம் போட்டது. கெஞ்சிக் கூத்தாடிப் பேச அனுமதி வாங்கினேன்.

“இங்கிலாந்தில் சர்க்கார் வரி போட்டு...” என்று தொடங்கினேன். வரி என்றதும் ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார்.

தலைவராக இருந்த பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சி கையமர்த்தினார். “இருங்க வாத்தியாரே. கையில உள்ளதுக்குத் தக்கன எல்லாரும் குடுக்கணும், சீக்கு வந்தவன் சும்மா பாத்துக்கிடலாம். அதான?”

“அதேதான் அண்ணாச்சி.”

“அதுக்குப் பேரு மகமைல்லா. சீமைக்காரனும் எடுக்கானா?”

என் மண்டைக்குள் ஒரு வாணம் கிளம்பியது. எங்கள் வியாபாரிகள் விற்கும் மூட்டைக்கும் பெட்டிக்கும் இவ்வளவு என்று பொதுக்காரியத்துக்குத் தாங்களே எடுத்துவைப்பதுதான் மகமை. கோயிலும் பள்ளிக்கூடமும் அதில் எழுந்தவை. என் சம்பளமே அதில் வந்ததுதான். அதைத் தின்றுகொண்டே நான் புத்தகத்தில் லண்டன் வரை போயிருக்கிறேன்.

“எடுக்கான் அண்ணாச்சி. ஜெர்மனியில முதலாளியும் தொழிலாளியும் சேந்து மகமை.”

“அமெரிக்காவில?”

“பெரும்பாலும் அவனவன் பையிலருந்துதான்.”

“அங்கன நம்மாளுக போய்ச் சேரலை போல,” என்றார் பின்வரிசையில் ஒருவர். செருப்பைத் தேடியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டாசுப் பெட்டிக்குக் கொஞ்சம் ஆஸ்பத்திரி மகமை, டாக்டருக்கு மாதாமாதம் சம்பளம் என்று அங்கேயே முடிவாயிற்று.

சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தடவை கழன்றது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா. மனைவி இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தேசமெல்லாம் சுத்தியாச்சா? ஆஸ்பத்திரி இருக்கா, இல்லையா?”

“இருக்கு. டாக்டரும் வாராரு.”

“அதை முதல்ல சொன்னா என்னவாம்,” என்றவள், சங்கத்தில் ஒப்படைக்க எடுத்துவைத்திருந்த ஆஸ்பத்திரிச் சாவியைத் திரும்பவும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.