நாலாம் நம்பர் பிரஸ்ஸும் ஒரு கஞ்சாத் தாளும்

1. சிவந்த கண்

"சிஸ்டர், இவன் கண்ணப் பாருங்க. இன்னாத்தயோ அட்ச்சிக்கினு டூட்டிக்கு வந்துகீறான். எழுதிக் குடுங்க, வூட்டுக்கு அனுப்பிர்றேன்."

பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் ஏகாம்பரம், ஒருவனைத் தள்ளாத குறையாக என் முதலுதவி அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அது 2004. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் நர்ஸ். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். மற்ற நாட்களில் நான்தான் நர்ஸ், கம்பவுண்டர், சமயத்தில் பஞ்சாயத்துத் தலைவரும்.

வந்தவன் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கம். படப்பையில் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வருகிறவன். ட்ரெய்னி. வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நான் 'கஞ்சா' என்று ஒரு வார்த்தை எழுதினால் மறுநாளே ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கண் சிவந்திருந்தது. வாசனை இல்லை, பேச்சில் தடுமாற்றமும் இல்லை. தூக்கமில்லை என்றான். 'தூக்கமின்மை, ஒரு நாள் ஓய்வு' என்று எழுதி அனுப்பினேன். ஏகாம்பரம் என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எனக்கோ விஷயம் மண்டையைக் குடைந்தது. மூன்று மாதத்துக்கு முன் அதே பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஓர் ஆபரேட்டருக்கு மூன்று விரல் போனது. அதற்குப் பிறகுதான் தலைவலி, தூக்கமில்லை என்று ஆட்கள் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். கஞ்சாப் பேச்சு அடிபட்டதும் அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? டாக்டரிடம் கேட்டேன். "தெரியலையேம்மா. அளந்து பாரு" என்றார்.

2. நாற்பது உத்தமர்கள்

கஞ்சாப் பழக்கம் உண்டா, இல்லையா? உண்டென்றால் வாரத்துக்கு எத்தனை தடவை? இவ்வளவுதான் என் முதல் தாள். பிரஸ் ஷாப்பின் நாற்பது ஆபரேட்டர்களும் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அரை நாள் நான் நம்பவும் செய்தேன். அப்புறம்தான் தாளின் மூலையைப் பார்த்தேன். எம்ப்ளாயி நம்பர்! எங்கள் கம்பெனியில் கேண்டீன் டோக்கனுக்குக்கூட அந்த நம்பர் வேண்டும். பழக்க தோஷத்தில் நானும் அதற்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். தன் நம்பரைப் போட்டு 'ஆமாம், அடிக்கிறேன்' என்று எழுத எவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது?

இரண்டாவது தாளில் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. மாதத்தின் தேதிகள் கட்டம் கட்டமாக. அடித்த நாளில் டிக் போட வேண்டும். பக்கத்தில் மூன்று கேள்வி: அன்றைக்கு எந்த மெஷினில் வேலை? எதற்காக அடித்தீர்கள்? அடித்த பிறகு என்ன ஆனது? கேண்டீனில் கைகழுவும் இடத்தருகே ஒரு அட்டைப்பெட்டி வைத்தேன்.

டிக் போட்ட தாள்கள் பதினொன்று வந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி, மாதத்துக்கு நாலைந்து தடவை. ஆனால் ஏழு பேருக்கு டிக் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, காரணம் 'ஜாலிக்கு'. மீதி நாலு பேருக்குத் தேதிகள் சிதறிக் கிடந்தன. ஆபரேட்டர்கள் முறை வைத்து மெஷின் மாறுவார்கள். ஏன் சிதறின என்று மெஷின் கட்டத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு டிக்குக்கும் நேரே நாலாம் நம்பர்.

ஒரு தாளில் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: 'அடிச்சா சத்தம் தூரமாப் போவுது. கை நடுக்கம் மட்டும் போகல.'

மறுநாள் சுடலைமுத்து தலைவலி மாத்திரைக்கு வந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"சத்தம்னு எழுதுனது நாந்தான் சிஸ்டர். வெரல் போன அன்னைக்கு அடுத்த மெஷின்ல நின்னேன். அவன் கத்துனது இன்னும் காதுக்குள்ளயே கெடக்கு. நாலுல நின்னுட்டுப் போனா படுக்கவே முடியல. அதான் ரூமுக்குப் போயி அடிக்கேன்."

"அதுதான் முடிஞ்சுபோச்சேப்பா."

"எங்க முடிஞ்சுது? அந்த பட்டன்ல இன்னும் டேப் ஒட்டித்தான கெடக்கு."

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. டார்கெட் அதிகமானால் ஒரு பட்டனை அழுத்தியபடி டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு கை மிச்சமாகும், வேலை வேகமாக ஓடும். மூன்று விரல் போனது அப்படித்தான். அந்த டேப் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவன் பயம் பழைய பயம் மட்டும் இல்லை.

"அடிச்சா நடுக்கம் போகலன்னு நீயே எழுதியிருக்க. அந்தக் கையோட நாளைக்குப் பிரஸ் முன்னாடி நின்னா அடுத்த விரல் உன்னோடதுதான்" என்றேன். தலையை ஆட்டினான்.

3. பேர் லிஸ்ட்

ஆள் எடுப்பதும் நீக்குவதும் பார்க்கும் பர்சனல் ஆபீசர் காதுக்குச் செய்தி போய்விட்டது. "பதினோரு பேராமே சிஸ்டர். பேரக் குடுங்க."

"பேர் தெரியாது சார். ஒரு நம்பர் இருக்கு."

"எம்ப்ளாயி நம்பரா?"

"மெஷின் நம்பர். நாலு. டாக்டரும் வர்றார், வாங்க போய்ப் பார்ப்போம்."

ஒரு பேர் எனக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக இன்றுவரை நான் வருந்தவில்லை.

போய்ப் பார்த்தோம். பச்சை பட்டனின் மேல் கறுப்பு டேப், ஓரமெல்லாம் எண்ணெய் ஏறி. டாக்டர் அதைப் பிய்த்து ஆபீசர் கையில் கொடுத்தார். அன்றே மெஷினை நிறுத்தினார்கள். சுடலைமுத்துவைத் தூக்கமின்மை என்றே எழுதி மனநல டாக்டரிடம் அனுப்பினோம். வேலை பேக்கிங்குக்கு மாறியது. அடுத்த மாதம் அவனே கொண்டுவந்து காட்டிய தாளில் இரண்டே டிக். குறித்த தேதியில் வேலை நிரந்தரமானது.

அதற்குப் பின் ஒரு மத்தியானம் ஏகாம்பரம் வந்தார். கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், எனக்கும் ஒரு தாளு குடுங்க."

"உங்களுக்குமா அண்ணே?"

"கஞ்சா இல்ல. குவாட்டரு. டெய்லி." சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அந்த வெரல ஐஸ் வச்சி எட்த்துக்கினு ஓடனவன் நான்தான். டேப்பு ஒட்னவனும் நான்தான் சிஸ்டர்."

தாளை எடுத்து, 'கஞ்சா' என்பதை அடித்துவிட்டு 'பிராந்தி' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கேயே உட்கார்ந்து முதல் தேதியிலிருந்து ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டார். 'எதற்காக' என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்வது இதுதான்: எத்தனை தடவை என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். எதற்காக என்பதை முதலில் கேளுங்கள். அதையும் எல்லாரிடமும் கேளுங்கள். நான் ஆபரேட்டர்களுக்கு நாற்பது தாள் அடித்தேன். சூப்பர்வைசருக்கு ஒன்று அடிக்க எனக்குத் தோன்றவில்லை.