அக்காவின் மஞ்சள் பற்கள்

என் அக்கா குளிர்பானத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவள். அங்கே அவளுக்கு 'மீட்டர்' என்று பெயர். அவ்வளவு பெரிய தொட்டியில் எலுமிச்சைச் சாறு கொஞ்சம் கூடினாலும், ஒரு வாய் வாங்கிச் சுழற்றித் துப்பிவிட்டுச் சொல்லிவிடுவாள். படிப்பில் கோட்டை விட்டவள். கல்யாணமும் சரிப்படாமல் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அந்த நாக்கு ஒன்றுதான் அவளைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்தது. பதினாறு வருடமாக, நாளுக்கு நாற்பது முறை அந்தப் புளிப்பை வாயில் வைத்திருக்கிறாள்.

நான் அங்கேயே சுகாதார மேற்பார்வை. என் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பினாயில்' என்பார்கள். சொல்லட்டும், அழுக்கைக் கண்டால் எனக்கு ஆகாது. ருசி பார்க்கும் அறையில் வாஷ்பேசின் வைக்கச் சொன்னது நான்தான். ஒவ்வொரு முறை துப்பியதும் பல் தேய்க்க வேண்டும் என்று விதி போட்டதும் நான்தான். சர்க்கரை பல்லில் நின்றால் சொத்தை விழும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்று வருடமாக அக்காவின் முன்பற்கள் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அழுத்தித் தேயேன்க்கா. என் மானம் போகுது."

"தேய்ச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன்."

"எங்க தேய்க்கிற? தடவிக் கொடுக்கிற."

முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து நானே வாங்கிக் கொடுத்தேன். தங்கச்சி படித்தவள் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தாள். பல் இன்னும் மஞ்சளானது.

பிறகு பல் கூச்சம் வந்தது. பானத்தைச் சில்லென்றுதான் ருசி பார்க்க வேண்டும். அக்கா யாருக்கும் தெரியாமல் டம்ளரை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றிக் குடித்துச் சமாளித்தாள். ஒரு நாள் மேலாளர் எதிரிலேயே ஒரு வாய் வாங்கியவள், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் லேபிள் ஒட்டும் பகுதிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார் மேலாளர்.

பல் டாக்டரிடம் போகும் பஸ்ஸில் அக்கா என் கையை விடவே இல்லை. "லேபிள் யார் வேணா ஒட்டலாம்டி. அங்க போனா நானும் யாரோதானே?" என்றாள்.

டாக்டரம்மா அக்காவின் வேலையையும் பல் தேய்க்கும் வழக்கத்தையும் கேட்டுக்கொண்டு, விளக்கை இழுத்துவைத்து நிதானமாகப் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. மேல இருந்த எனாமல் தேஞ்சுபோய், உள்ள இருக்கிற மஞ்சள் தெரியுது. புளிப்பு பட்டா எனாமல் கொஞ்ச நேரம் இளகி இருக்கும். வெறும் தண்ணியில கொப்பளிச்சுட்டு ஒரு மணி நேரம் விடணும். நீங்க அந்த நேரத்துல தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்திருக்கீங்க."

"திரும்ப வளருமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"வளராது. பல் நிறத்துலயே பூச்சு வச்சு மூடுறேன். ஃப்ளோரைடும் தடவுறேன், கூச்சம் குறையும். ஆனா இந்த வேலையை விடணும்."

"உறிஞ்சுகுழல் வச்சுக் குடிச்சா?"

"குடிக்கிறதுன்னா சரி. நீங்க வாயில வச்சுச் சுழட்டணுமே."

"ஆறு மாசம் மட்டும்?" அக்கா கெஞ்சினாள். டாக்டரம்மா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார். "துப்பின உடனே தேய்க்கச் சொன்னது யாரு?"



"யாரும் சொல்லல டாக்டர்," என்றாள் அக்கா. "எனக்குச் சுத்தம்னா ஒரு பைத்தியம்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா லேபிள் ஒட்டப் போனாள். அன்றைக்கே அந்த விதியை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்ட மேலாளரிடம், டாக்டர் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். அக்காவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டால், "எதுக்குடி?" என்பாள். அதை என்னால் தாங்க முடியாது.